ஊசிக்காரன் வரும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை சுகர் பார்க்க உட்கார்ந்தால், என் மனைவியின் இடது கையில் குத்த இடமில்லை. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். தோல் தடித்து வெடித்திருக்கிறது. தொட்டாலே சுருக்கிக்கொள்கிறாள். வலது கைக்கு மாறினேன். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது குத்தினேன், பிதுக்கினேன். போதாது என்று மெஷின் கத்தியது. மூன்றாவது தடவையும் குத்தினேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. போர்வையை உதறினாள், மடியைத் தடவித் தடவித் தேடினாள்.

"யாரோ துணியில ஊசிய விட்டுட்டாங்க. பாத்து எடுத்துடுங்க. பசங்க போட்டுக்கற யூனிபார்ம்."

தையல் மெஷினை விட்டு எழுந்து அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். மறதி நோய் வந்த பிறகு நேற்று சாப்பிட்டது மறக்கிறது, யூனிபார்ம் மட்டும் மறக்கவில்லை. நானும் அவளோடு சேர்ந்து போர்வையில் ஊசி தேடினேன். வேறு என்ன செய்ய?

ஜனவரியில் பாத்ரூமில் மயங்கி விழுந்தபோது, சுகர் ஏறி இறங்குகிறது, நாலு வேளையும் பார்த்துவிட்டுத்தான் இன்சுலின் போட வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கப் போகும்போது. சொல்வதற்கு அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 5, புதன்

நாலு வேளையும் பார்த்தாயிற்று. நாலு வேளையும் அழுதாள்.

மார்ச் 7, வெள்ளி

சலூனைத் திறந்தேன். மாடி வீட்டம்மா வந்து அவளோடு உட்காருகிற நேரத்துக்கு மட்டும்தான் இப்போதெல்லாம் கடை. பத்து மணிக்குத் திறந்து, பசி நேரத்துக்கு முன்னால் பூட்டிவிடுவேன்.

ரிட்டயர்டு தபால்காரர் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் நுரை தடவியதும் கண்ணை மூடிக்கொண்டார். "யோவ், உன் கை பட்டா தூக்கம் தானா வருதுய்யா. இந்தக் கைய எனக்கு எழுதிக் குடுத்துடு" என்றார். எப்போதும் சொல்கிற வேடிக்கைதான். எப்போதும் நானும் சிரிப்பேன். இன்று கத்தியை வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறவன் மாதிரி பின்பக்கம் போய் நின்றேன்.

அடுத்தவன் கழுத்தில் கீறல் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். வீட்டில் தினம் நாலு தடவை ரத்தம் எடுக்கிறேன், இதே கையால்.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டாள். மெஷின் வைத்திருக்கிற பையின் ஜிப் சத்தம் கேட்டாலே இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொள்கிறாள். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜிப்பைத் திறந்தேன். அதுவும் பலிக்கவில்லை. குத்துகிற பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சும்மா நலம் விசாரிக்க வந்தவன் மாதிரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. கோழி பிடிக்கப் போகிறவன் இப்படித்தான் நடப்பான்.

மாடி வீட்டம்மா இறங்கி வந்ததும் இவள் அவளிடம் கிசுகிசுத்தாள்: "கதவைச் சாத்துங்க. ஊசிக்காரன் வந்துட்டான்."

மாடி வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

மார்ச் 12, புதன்

மருந்துக்கடைக்குப் போனேன். சுகர் மெஷினில் சொருகுகிற ஸ்ட்ரிப் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் எதையும் சும்மா எடுத்துக் கொடுக்கிறவள் அல்ல.

"ஊசி வேணாமா சார்? ஸ்ட்ரிப் மட்டும் வாங்கிட்டே போறீங்க."

"இருக்கும்மா. ஒண்ணு போட்டா ஒரு வாரம் வரும்."

அவள் கையிலிருந்த பெட்டியை மேஜையில் வைத்தாள். "ஒரே ஊசியா? ஒரு வாரமா?"

"அவளுக்கு மட்டும்தானே குத்தறேன். வேற யாருக்கும் இல்லையே."

"உங்க கடையில ஒரு பிளேடு போட்டு ஒரு வாரம் ஷேவ் பண்ணுவீங்களா சார்?"

கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக உறைத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் அவன் கண் முன்னால் புது பிளேடு பிரிக்கிறவன் நான். மழுங்கின பிளேடு வெட்டாது, பிய்க்கும். இது எனக்குத் தெரியாதா? சுத்தம் என்றால் அடுத்தவனுக்கு, நமக்குள்ளே என்ன என்று இருந்திருக்கிறேன். நமக்குள்ளே என்றால் வலிக்காதா?

அவள் தன் கையையே நீட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். நுனியில் குத்தக் கூடாது, நரம்பெல்லாம் அங்கேதான், ஓரத்தில் குத்த வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்தாலே போதும், ஸ்பிரிட் தேய்த்துத் தேய்த்துத்தான் தோல் இப்படி வெடிக்கிறது. கையைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து ரத்தத்தை மெதுவாக நீவிக் கொண்டுவர வேண்டும், நுனியை நசுக்கக் கூடாது. பேனாவின் தலையில் இருக்கிற எண்தான் ஆழம்.

பார்த்தேன். ஐந்தில் இருந்தது. கடைசி எண் ஐந்துதான். வாங்கியபோதே அப்படித்தான் இருந்திருக்கும், நான் திருப்பியதே இல்லை.

மார்ச் 13, வியாழன்

புது ஊசி. எண் இரண்டு. மோதிரவிரல் ஓரம். ஒரே குத்தில் அழகாக ஒரு சொட்டு வந்தது. "ஸ்" என்றாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பைத்தியக்காரத்தனம். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

வலி குறைந்துவிட்டது, எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்வது? புண் ஆறிக்கொண்டிருக்கிறது, பயம் ஆறவில்லை. காலையில் கையைக் கேட்டால் கத்துகிறாள். ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுகிறாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து என் விரலிலேயே குத்திக் காட்டினேன். "பாரு, வலிக்கல. பாரு."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "உங்களையே ஏன் குத்திக்கறீங்க? வீட்ல யாருமில்லையா உங்களுக்கு?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு வேறு எங்கோ போய்விட்டது.

அவள் கையை இன்றைக்கும் தரவில்லை.

மார்ச் 19, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் தலை சுற்றுகிறது என்றாள். சுகர் இறங்குகிறதா ஏறுகிறதா தெரியவில்லை. பார்த்தே ஆக வேண்டும். கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கெஞ்சினேன். அதட்டினேன். அப்புறம் – மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். முழங்காலுக்குக் கீழே கையை அமுக்கி வைத்துக் குத்தினேன். சாதாரணமாகத்தான் இருந்தது சுகர். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததற்கு.

கத்தியிருந்தால் தேவலை. கையை விட்ட பிறகும் அதை எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே வைத்திருந்தாள், தன்னுடையது இல்லை என்கிற மாதிரி.

நான் என்ன மனுஷன்? யாருக்கு நல்லது பண்றேன்னு இதெல்லாம் பண்றேன்?

மார்ச் 23, ஞாயிறு

மகள் வந்தாள். மூன்று மணி நேர ரயில், அதனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடிகிறது. அம்மாவைக் குளிப்பாட்ட உள்ளே கூட்டிப் போனவள், ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, அம்மா மணிக்கட்டுல என்ன?"

"என்ன?"

"நீலமா கன்னிப்போயிருக்கு. நாலு விரல் தடம் தெரியுது."

நான் என் கையைப் பார்த்தேன்.

"அடிச்சீங்களா?"

"பிடிச்சேன்."

"அப்பா."

"சுகர் பாக்க விடல. பிடிச்சேன். அடிக்கல. சத்தியமா அடிக்கலம்மா."

என் மகளிடம் சத்தியம் பண்ணுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பியதால் கோபம் குறைந்ததாகவும் தெரியவில்லை. "உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. ஒரு முதியோர் ஹோம்ல விசாரிச்சு வச்சிருக்கேன். அங்க நர்ஸ் இருக்காங்க" என்றாள். ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறாள்.

சாயங்கால டெஸ்டைத் தானே எடுப்பதாகச் சொன்னாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கொஞ்சல், கதை, பழைய பாட்டு. அப்புறம் பளீரென்று ஒரு சத்தம். அவள் அம்மாவின் குரல்: "நீயும் அவன் ஆளா?"

மகள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது கன்னம் சிவந்திருந்தது. ஹோம் பற்றி மட்டும், கிளம்பும்போது, "அடுத்த மாசம் முடிவு பண்ணிடலாம்ப்பா" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று பார்க்கவில்லை. ஒரு வேளைகூட. இன்சுலினை மட்டும் வழக்கமான அளவுக்குப் போட்டேன். வயிற்றில் போடுகிற அந்த ஊசியை அவள் கண்டுகொள்வதே இல்லை, விரல்தான் அவளுக்குப் பகை.

மார்ச் 26, புதன்

இன்றும் பார்க்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டாள். திருட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

மார்ச் 27, வியாழன்

சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தானாக. கையை என் தோளில் வைத்தாள். நான் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று, அப்படியும் அசையவில்லை.

தப்பு பண்ணுகிறேன் என்று தெரிகிறது. இதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் இப்படி இருந்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 29, சனி – இல்லை, இப்போது ஞாயிறு காலை. ஆஸ்பத்திரி.

எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

நேற்றுக் காலை இன்சுலின் போட்டேன். ரொட்டியும் பாலும் வைத்தேன். பாலை மட்டும் குடித்தாள், அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாள். மாடி வீட்டம்மாவிடம் சாப்பிட வைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. தபால்காரருக்குப் பாதி முகம் வழித்திருந்தேன். போன் வந்தது.

"அண்ணா, சீக்கிரம் வாங்க. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. கூப்பிட்டா முழிக்கல. நான் தூங்கறாங்கன்னுல்ல நெனச்சேன்."

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் ஓடியிருக்கிறேன். பாதி வழியில்தான் பார்த்தேன்.

ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. உதட்டில் சர்க்கரையைத் தேய்த்தேன், பல் கிட்டிப்போயிருந்தது. ஆம்புலன்ஸ் பையன்கள் வந்ததும் முதலில் அவள் விரலைத்தான் பிடித்தார்கள். குத்தினார்கள். நுனியில், நட்ட நடுவில், ஆழமாக. அவள் கையை இழுக்கவில்லை.

இழுத்துக்கோ. இழுத்துக்கோடி. திட்டு. ஊசிக்காரன்னு கத்து. ஒரு தடவை இழுத்துக்கோ.

இழுக்கவில்லை.

சுகர் இருபத்தெட்டு என்றார்கள்.

மார்ச் 31, திங்கள்

கண்ணைத் திறந்திருக்கிறாள். பேச்சு இல்லை.

தபால்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். இரண்டு நாளாகியும் ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் வெள்ளை முள்ளாகவும் அப்படியே இருந்தது. "வேற கடையில போய் மீதியப் பண்ணிக்கக் கூடாதா?" என்றேன். "நீ ஆரம்பிச்ச வேலைய்யா, நீதான் முடிக்கணும். பஸ்ல எல்லாரும் எனக்கு சீட் குடுத்தாங்க, மண்டையில ஏதோ கோளாறுன்னு நெனச்சு." சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்வரை போகவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பெரிய டாக்டர் பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகளும் கூட வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குத்தினது, அமுக்கிப் பிடித்தது, பார்க்காமலே இன்சுலின் போட்டது. மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. "குத்தினது தப்பில்லைங்க. குத்தாம இன்சுலின் போட்டதுதான் தப்பு" என்றார். அப்புறம் பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டே, "இந்த வயசுல, இந்த மறதியோட, எப்ப சாப்பிடுவாங்கன்னே தெரியாதவங்களுக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்ல. சுகர் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். இறங்கறதுதான் ஆபத்து. இன்சுலின நிறுத்தி மாத்திரைக்கு மாத்திட்டேன். ரெண்டு மூணு நாள் இங்கயே பாப்போம். அப்புறம் வாரத்துல ஒரு காலை பாத்தா போதும்" என்றார்.

"அப்போ இத்தனை நாள் நாலு வேளை குத்தினதெல்லாம் தேவையே இல்லையா?"

"அந்த மருந்துக்குத் தேவைதான். அந்த மருந்துதான் தேவையில்ல."

நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை. ஜனவரியிலிருந்து யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால். நானாவது போய்க் கேட்டிருந்தால். கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லையே. டாக்டர் சொன்னது என்று குத்திக்கொண்டே இருந்தேன்.

மூளைக்குக் கொஞ்சம் அடி விழுந்திருக்கிறதாம். எவ்வளவு என்று போகப் போகத்தான் தெரியுமாம்.

வராந்தாவில் மகளிடம், "ஹோம்ல எப்ப சேக்கணும்னு சொல்லு" என்றேன். வீறாப்பு இல்லை, உண்மையாகவே கேட்டேன். அவள் கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். எனக்கு நீட்டும்போது விரல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள். பகலில் ஒத்தாசைக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறாள். ஹோம் பற்றிப் பேச்சில்லை. நானும் எடுக்கவில்லை.

பேச்சு வந்துவிட்டது. நடைதான் தடுமாறுகிறது. என்னை யாரென்று தெரியவில்லை. முன்பு சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. இப்போது ஒரு நேரமும் இல்லை. "சார்" என்கிறாள். நீ என்று பேசினால் முறைக்கிறாள். அதனால் நானும் நீங்க என்றே பேசுகிறேன். கட்டிய பெண்டாட்டியிடம்.

வீட்டுக்காரர் எங்கே என்று ஒத்தாசைப் பெண் கேட்டதற்கு, "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

வாரத்தில் ஒரு காலை. ஒத்தாசைப் பெண்தான் குத்தினாள். நான் அந்த நேரத்துக்கு வெளியே போய்விட்டேன். முனகினாளாம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

விரல் நுனியில் கறுப்புப் புள்ளிகள் உதிர்கின்றன. அடியில் புதுத் தோல், ரோஸ் நிறத்தில். தூரத்திலிருந்துதான் பார்க்கிறேன். கையைக் கேட்கிற தைரியம் இல்லை.

மே 6, செவ்வாய்

மகள் வந்துவிட்டு நேற்றுத்தான் போனாள். இப்போதெல்லாம் வாரா வாரம் வருகிறாள்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஜன்னலோரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒத்தாசைப் பெண் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். இவள் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க ஒருத்தர் வருவாரே, ஊசிக்காரர். அவரு இப்ப வரதில்லையா?"

"வரதில்லைங்க. நிறுத்தியாச்சு."

"வேலைய விட்டே எடுத்துட்டாங்களா?"

"ஆமா."

"நல்லா வேணும். என்னமா குத்துவார் தெரியுமா? நான் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு, மத்தியானத்துல வந்து உக்காருவார். என் விரல ஒவ்வொண்ணா எடுத்து க்ரீம் தடவுவார். எரியும்னு ஊதி ஊதித் தடவுவார். நான் கண்ணத் தொறக்கவே மாட்டேன். தொறந்தா எழுந்து போயிடுவார்ல."

அதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அவள் தூங்கும்போது மட்டும்தான் கை கிடைத்தது. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மடியில் இரண்டு கையும் விரித்தபடி கிடந்தன. ஒளித்து வைக்கவில்லை.

"வேற எங்கயாவது வேலை கெடச்சிருக்குமா அவருக்கு?" என்றாள்.

"கெடச்சிருக்கும்."

"கெடச்சா சரி. பாவம், அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல."

"இருக்கு" என்றேன்.